தஞ்சைக் கலைக்கூடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போயிருந்தேன். பெரிய கோயிலில் கிடைத்த பரவசம் அரண்மனைக் கலைக்கூடத்தில் கிடைக்கவில்லை. வரிசையாக நடராஜர், வரிசையாக அம்மன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தது. பிள்ளைகள் அங்கிருந்த திமிங்கல எலும்புக்கூட்டைப் பற்றித்தான் இன்னும் பேசுகிறார்கள். அம்மா ஒவ்வொரு சிலையையும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். “பூவும் விளக்கும் இல்லாம சாமியை இப்படி நிக்க வெச்சிருக்காங்களே” என்று ஒரே ஆதங்கம். கலைப் பயிற்சி இல்லாதவர்கள் இவற்றை எப்படிப் பார்ப்பது? இவை கோயிலில் அல்லவா இருக்க வேண்டும்?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு ஏன் சலிப்புத் தட்டியது என்பதற்கான பதில் அம்மாவின் பேச்சிலேயே இருக்கிறது. அங்குள்ள செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவை உற்சவர்கள், வீதியுலாவுக்கென்றே வார்க்கப்பட்டவை. பீடத்தைக் குனிந்து பாருங்கள், கழி கோப்பதற்கான துளையோ வளையமோ இருக்கும். பட்டும் மாலையும் நகையும் சார்த்தித் தோளில் தூக்கி, தீவட்டி வெளிச்சத்தில் ஆடி ஆடி வரும்போது ஜனங்களுக்கு முகம் தெரியும், கை தெரியும், அவ்வளவுதான். வார்ப்பதற்கு முன் மெழுகு உருவில் ஸ்தபதி அத்தனை நுணுக்கமாகப் பிடித்த முதுகின் வளைவையும் இடையின் மடிப்பையும் அபிஷேகம் செய்த குருக்களைத் தவிர வேறு யார் பார்த்திருப்பார்கள்? இன்று நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிறோம். ஆனால் உற்சவர் நம்மை நோக்கி வருவதில்லை. அதனால் நாம்தான் நகர வேண்டும். நேரே நின்று பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும்.

ரிஷபவாகனரை எடுத்துக்கொள்ளுங்கள். சீர்காழிப் பக்கம் திருவெண்காட்டிலிருந்து வந்தவர். இந்தத் திருமேனி 1011இலும் பக்கத்திலிருக்கும் உமை அடுத்த ஆண்டும் எழுந்தருளியதை அந்தக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. பெரிய கோயில் குடமுழுக்குக் கண்டதற்கு அடுத்த வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். சிவனுக்கு இங்கே இரண்டே கைகள், ஆயுதம் ஏதும் இல்லை. சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றிக் கட்டியிருக்கிறார், அதில் பாம்பு நெளிகிறது. ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே வைத்து, வலக்கையை மடித்து எதன்மேலோ போட்டிருக்கிறார். எதன்மேல்? அங்கே ஒன்றும் இல்லை. அவர் வாகனமான காளை தொலைந்துவிட்டது. ஆனால் சாய்ந்து நிற்கும் உடம்பைப் பார்த்தாலே காளையின் உயரம் தெரிந்துவிடுகிறது. முதலில் எதிரே நின்று பாருங்கள். அப்புறம் மெல்லப் பக்கவாட்டுக்கு நகர்ந்து, இடுப்பு எந்தப் பக்கம் ஒசிகிறது, தோள் அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்று கவனியுங்கள். இதற்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். டீக்கடை வாசலில் ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நிற்கும் ஆளைப் பார்த்த கண் போதும்.

அங்கேயே அதே ஊரின் கல்யாணசுந்தரரும், அதாவது மணக்கோலச் சிவனும், இருக்கிறார். சிவன் பார்வதியின் கையைப் பிடித்திருக்கிறார். அவள் வெட்கத்தில் தலையை லேசாகச் சாய்த்திருக்கிறாள். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் வெட்கத்தை உலோகத்தில் இதைவிட நன்றாக யாரும் வார்த்ததில்லை. அன்றைக்கு இந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் நஷ்டமில்லை. மிச்சத்தைப் பார்க்காமல் வந்ததற்காக யாரும் அபராதம் போடப்போவதில்லை.

கோயிலில் இருக்க வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்க வேண்டியவைதான். ஆனால் திருவெண்காட்டுத் திருமேனிகளை யாரும் சந்நிதியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரவில்லை. அவை மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் படையோடு வந்தபோதும் அதற்குப் பின் நடந்த படையெடுப்புகளிலும் உற்சவர்களைப் புதைத்துக் காப்பாற்றினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை. அப்படிப் பூமிக்கடியில் கிடைப்பவை 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அரசிடம் போய்ச் சேர்கின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வழிபாட்டிலேயே இருந்த பல உற்சவர்களின் முகம் நூற்றாண்டுக் கணக்கில் தேய்த்து நீராட்டியதில் மழுங்கிவிட்டது. புதையுண்டு கிடந்த இவர்களுக்கு மூக்கும் உதடும் இன்னும் கூர்மையாக இருக்கின்றன.

திருப்பி வைத்துவிடலாம்தான், காவலுக்கு யார்? அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் ஊர் நடராஜர், கோயிலிலிருந்து களவுபோய், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் நின்று, 2014இல் திரும்பி வந்தார். பூட்டிக் கிடக்கும் கிராமத்துக் கோயிலுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால், மனமில்லாமல்தான் என்றாலும், நான் பெட்டியைத்தான் சொல்வேன். அம்மா கும்பிடுவதைத் தடுக்காதீர்கள். அந்தக் கூடத்தில் ஒவ்வொரு சிலை முன்னாலும் நின்றவர் அவர் ஒருவர்தான்போல.

திமிங்கலத்தைப் பற்றிக் குறையே வேண்டாம். அரண்மனைக்குள் திமிங்கலம் கிடந்தால் பிள்ளைகள் வேறெதைப் பார்ப்பார்கள்?

சென்னைக்கு வர நேர்ந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் அர்த்தநாரீஸ்வரரைப் பாருங்கள். அவரும் திருவெண்காட்டுக்காரர்தான். முன்னால் நின்று பார்த்ததும், வலது ஓரம் இடது ஓரம் இரண்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.