பானெட்டுக்கு கேஸ் ஷாக் மாட்டினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். தோப்பு வேலைக்கும் வீட்டுக்குமாக ஒரு டபுள் கேப் பிக்கப் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பானெட்டைத் திறந்தால் முட்டுக் கம்பி கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். போன ஆடியில் காற்று தூக்கியதில் கம்பி நழுவி, பானெட் டிரைவர் கையில் விழுந்துவிட்டது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. பானெட்டைத் தூக்கிப் பிடித்து நிறுத்தும், வாயு அடைத்த தண்டான கேஸ் ஷாக் ஆன்லைனில் விற்கிறது; ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். சர்வீஸ் சென்டரில், "மாட்டினால் மொத்த வாரண்டியும் கேன்சல்" என்கிறார்கள். நண்பர் ஒருவர், ஆர்.டி.ஓ. பிடித்தால் 5,000 ரூபாய் அபராதம், இன்சூரன்ஸும் கிடைக்காது என்று பயமுறுத்துகிறார். மாட்டலாமா, வேண்டாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: மாட்டலாம். ஆனால் வண்டியின் பாடியில் புதிதாக ஓர் ஓட்டைகூடப் போடாமல் மாட்டுகிற கிட்டாக இருந்தால் மட்டும். உங்கள் மூன்று பயங்களுக்கும் விடை பெரும்பாலும் அந்த ஓட்டையில்தான் இருக்கிறது.

முதலில் ஆர்.டி.ஓ. விஷயம். உங்கள் நண்பர் சும்மா சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 182ஏ பிரிவின் நான்காவது உட்பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. வெளியில் வாங்கிய பாகத்தைப் பொருத்துவதும் இதில் அடங்கும். ஆனால் எதை மாற்றக் கூடாது என்பதை 52-ஆம் பிரிவில் பார்க்க வேண்டும். ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதே அங்குள்ள தடை. 'மாற்றம்' என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம் என்று அதே பிரிவு விளக்கமும் தருகிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னதும், தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை மீறக் கூடாது என்பதைத்தான்.

சரி, கேஸ் ஷாக் எதை மீறுகிறது? இன்ஜின், எரிபொருள், இருக்கை எண்ணிக்கை, நிறம், பாடி வகை, வீல்பேஸ் எதுவும் மாறவில்லை. எடையும் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. பானெட்டை மூடிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. முன்பக்கம் வைக்கும் இரும்புத் தடுப்பான புல் பார் கதை வேறு. அது நடந்துபோகிறவரை அடிக்கும், மோதலின் வேகத்தை வேறு இடத்துக்குக் கடத்தும். அதனால்தான் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. உங்கள் வண்டி மஞ்சள் போர்டாக இருந்தால் எஃப்.சி. காட்டும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறப்பார். பில் கையில் இருக்கட்டும், போதும்.

வாரண்டிக்கு வருவோம். இங்கேதான் வாசகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் அனுபவம். கவுன்டரில் ஒருவர் வாயால் சொல்வது வாரண்டி நிபந்தனை ஆகாது. வண்டியோடு தந்த வாரண்டிப் புத்தகத்தை எடுத்து, 'பொருந்தாதவை' என்ற பக்கத்தை வாசியுங்கள். நான் பார்த்த புத்தகங்களில், வெளிப்பாகத்தாலோ மாற்றத்தாலோ ஏற்பட்ட பழுதுக்கு வாரண்டி இல்லை என்றுதான் இருக்கும். பானெட்டில் ஷாக் மாட்டியதால் கியர்பாக்ஸ் வாரண்டி போகும் என்று இருக்காது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவிலும் இந்தக் கருத்து உண்டு. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது. அங்கே நடந்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றது ஆணையம். அந்த உத்தரவு மேல்முறையீட்டுக்குப் போனது, உங்கள் நிறுவனம் அந்த 14-இல் இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி. ஆகவே அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். முதலில் எழுத்தில் பதில் வாங்குங்கள். டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலாக இப்படி அனுப்பினால் போதும்:

"என் வாகனத்தின் பானெட்டில், ஏற்கெனவே உள்ள போல்ட் இடங்களிலேயே பொருந்தும் கேஸ் ஷாக் மாட்ட இருக்கிறேன். துளையிடல், வெல்டிங், வயரிங் எதுவும் இல்லை. இதனால் எந்தெந்தப் பாகத்தின் வாரண்டி, புத்தகத்தின் எந்த விதிப்படி பாதிக்கப்படும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்."

"எந்த விதிப்படி" என்ற வார்த்தைகளை விட்டுவிடாதீர்கள். மொத்த வாரண்டியும் போகும் என்று வாயால் சொல்வது சுலபம், விதி எண்ணைப் போட்டு எழுதுவது சுலபமில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் அனுப்பிய தேதி ஆதாரமாக நிற்கும்.

இப்போது அந்த ஓட்டை. ஷாக்கின் ஒரு முனை பானெட்டிலும் மறுமுனை ஃபெண்டர் ஓரத்திலும் சின்ன பிராக்கெட்டில் உட்காரும். நல்ல கிட் என்றால், ஃபெண்டரையும் பானெட் கீலையும் பிடித்திருக்கிற கம்பெனி போல்ட்டைக் கழற்றி, அதன் அடியிலேயே பிராக்கெட்டைக் கொடுத்து மறுபடி முறுக்கிவிடலாம். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற மலிவு கிட்டுக்கு டிரில் போட வேண்டியிருக்கும். தகட்டில் டிரில் போட்டால் பெயின்ட் போகும், துரு ஏறும், அதன் பிறகு துருவுக்கான வாரண்டியைக் கேட்கவே முடியாது. வழக்கு என்று போனால், நிறுவனத்தின் வழக்கறிஞர் நுகர்வோர் ஆணையத்தில் காட்டும் முதல் போட்டோ அந்த ஓட்டையாகத்தான் இருக்கும். ஷாக் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தாலும் வம்புதான். கீல் பக்கம் பானெட் தகடு மேலே தூக்கிக்கொள்ளும். மாட்டிய அன்றே பானெட்டை மூடி, இருபுறமும் இடைவெளி சமமாக இருக்கிறதா, லாக் முழுசாக விழுகிறதா என்று பார்த்து, தேதி தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது தயாரிப்பாளர் பெயர் இல்லாத பொருளைத் தொடாதீர்கள். தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளால் தீங்கு வந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவுப்படி விற்றவரே பொறுப்பு. ஆனால் பில் இல்லாமல் விற்றவர் யாரென்று எப்படி நிரூபிப்பீர்கள்? மாட்டுகிற பட்டறையிலும், "துளையிடாமல் பொருத்தப்பட்டது" என்று ஒரு வரி எழுதி பில் வாங்குங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை மறுக்க, மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு சில காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. பானெட் ஷாக் அதில் இல்லை. சொந்த வண்டி சேதத்தில், விபத்துக்கும் ஷாக்குக்கும் சம்பந்தம் இல்லையென்றால் அதைக் காட்டி மறுப்பது நிற்காது. வாடகைக்கு ஓட்டிய சொந்த வண்டி திருடுபோன ஒரு வழக்கில், அந்த விதிமீறலுக்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை, க்ளைமை முழுசாக நிராகரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது. ஓடும்போது பானெட் திறந்து கண்ணாடியில் அடித்தால் மட்டும் சர்வேயர் ஷாக்கைப் பார்ப்பார். எதற்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயிலில் தெரிவித்துவிடுங்கள். ஷாக்கின் விலையும் பாலிசியில் சேர வேண்டுமென்றால் துணைப் பொருளாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அந்த டிரைவரின் கை. வேலையில், வேலையின் காரணமாக வரும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருந்துவரும் கடமை. முதலாளி மேல் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. கம்பி காற்றில் நழுவும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். அதனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் அதை அப்படியே விட்டுவைப்பது சரியில்லை. ஆனால் ஷாக் மாட்டிவிட்டோம் என்று முட்டுக் கம்பியைக் கழற்றி எறியாதீர்கள். ஷாக்கில் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன். வருடங்கள் போகப்போகக் கசியும், ஒருநாள் பாரம் தாங்காமல் பானெட் மெல்ல இறங்கும். இன்ஜினுக்குள் கைவிட்டு வேலை பார்க்கிற நேரத்தில் கம்பியும் கொடுத்தே ஆக வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லுங்கள். அவர் சிகிச்சைக்குச் செலவழித்திருந்தால் அதைக் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கி வையுங்கள். பேக்கேஜ் பாலிசியில் சம்பள டிரைவருக்கான பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியின் அட்டவணையில் பாருங்கள், சேர்ந்திருந்தால் அதற்கான குறியீடாக ஐ.எம்.டி. 28 என்று போட்டிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சம்பந்தமில்லாத பழுதுக்கு வாரண்டியை மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்யுங்கள். அங்கே தீரவில்லை என்றால் கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், டீலர் எந்த ஊர் என்றாலும் கவலையில்லை. மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.