டேசரும் தள்ளாத வயதும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் கூமா வழக்கைப் பற்றி எழுதியிருந்தோம். படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள அந்தச் சிற்றூரின் முதியோர் இல்லத்தில், 2023 மே 17 அதிகாலை, 95 வயது க்ளேர் நோலண்ட் ஸ்டேக் வெட்டும் கத்தியோடு வாக்கரைப் பிடித்தபடி நின்றார். டிமென்ஷியா (முதுமை மறதி நோய்) அறிகுறிகள் இருந்தவர். எடை 50 கிலோ கூட இல்லை. ஊழியர்கள் அவசர உதவிக்கு போன் செய்தார்கள். வந்த போலீஸ்காரர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஒயிட், மின்சாரம் பாய்ச்சி ஆளை விறைக்க வைக்கும் துப்பாக்கி போன்ற கருவியான டேசரால் சுட்டார். மூதாட்டி விழுந்ததில் தலையில் அடிபட்டு மூளையில் ரத்தக்கசிவு. மே 24 அன்று இறந்துவிட்டார். இதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் இருந்து சில.

50,000 வோல்ட் பாய்ந்தது என்கிறார்கள். நீங்களோ விழுந்து இறந்தார் என்று எழுதினீர்கள். எது சரி?
*வாசகர், ஈரோடு*

விழுந்ததுதான் உயிரை எடுத்தது. அந்த 50,000 வோல்ட் என்பது, காற்று இடைவெளியையும் துணியையும் தாண்டிக் குதிப்பதற்கான உச்ச அளவு. உடம்புக்குள் போகும்போது எக்ஸ்26 போன்ற மாடலில் அது சுமார் 1,200 வோல்ட்டாகக் குறைந்துவிடும். சராசரி மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர் சொச்சம். நம் வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆவதே 30 மில்லி ஆம்பியரில்தான். ஆனால் 'சராசரி' என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நொடிக்கு 19 துடிப்பு வீதம் போகிறது; ஒவ்வொன்றும் பத்தாயிரத்தில் ஒரு நொடிதான் நீடிக்கும், உச்சத்தில் சில ஆம்பியரைத் தொடும். தசைநார்களுக்குக் கட்டளை போடும் நரம்பை அது கைப்பற்றிக்கொள்கிறது. ட்ரிகரை ஒருமுறை அழுத்தினால் 5 நொடி.

அந்த 5 நொடியும் உடம்பு முழுக்க விறைத்துவிடும். கால் தடுக்கி விழுகிறவர் தன்னையறியாமல் கையை முன்னே ஊன்றுவார், முட்டியை மடக்குவார். டேசர் பட்டவரால் இரண்டும் முடியாது. வெட்டிய மரம் போல அப்படியே சாய்வார். இருபது வயதுக்காரருக்குத் தலை புடைக்கும். தொண்ணூறு வயதில் மூளை சுருங்கியிருக்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதயத்தைப் பற்றிய கவலையும் பொய்யில்லை. தயாரிப்பு நிறுவனமே 2009இல், முடிந்தவரை நெஞ்சைக் குறிவைக்காதீர்கள் என்று பயிற்சிக் குறிப்பை மாற்றியது. முதுகு, அல்லது முன்பக்கம் என்றால் நெஞ்சுக்குக் கீழே. அதே நிறுவனத்தின் எச்சரிக்கைகளில் முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள், மெலிந்த உடம்புக்காரர்கள் எல்லாரும் அபாயம் கூடியவர்களாகத்தான் குறிக்கப்பட்டிருக்கிறார்கள்.

கத்தி வைத்திருந்தவரை வேறு என்னதான் செய்வது? துப்பாக்கியை எடுக்காமல் டேசரை எடுத்தது நல்லதுதானே?
*வாசகர், மதுரை*

துப்பாக்கியா டேசரா என்று கேட்டால் டேசர்தான். கூமாவில் இருந்த கேள்வி அதுவல்ல. எதிரில் இருந்தவர் வாக்கர் இல்லாமல் நடக்க முடியாதவர். இரண்டு எட்டு பின்னால் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால் கத்தி யாரையும் எட்டியிருக்காது. அவரைக் கண்டுபிடித்த மூன்று நிமிடத்துக்குள் சுட்டாயிற்று. சுடுவதற்கு முன் அந்தப் போலீஸ்காரர் 'சரி, விட்டுத்தள்ளு' என்ற தோரணையில் ஒரு வார்த்தை சொன்னது அவர் சட்டையில் இருந்த கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் போலீஸின் சொந்த விதிமுறையே, விதிவிலக்கான சூழல் இல்லாவிட்டால் முதியவர், மாற்றுத்திறனாளி மீது டேசரைப் பயன்படுத்தாதே என்கிறது.

கருவியின் அமைப்பையும் பாருங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் அழுத்திய நைட்ரஜன் வாயு இருக்கிறது. அது இரண்டு ஊசிமுட்களைச் சன்னமான கம்பியோடு தள்ளிவிடும். பழைய மாடல்களில் மேல் முள் நேராகவும் கீழ் முள் 8 டிகிரி தாழ்ந்தும் போகும். ஏழடி தூரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் இரண்டும் விலகும். தசை முழுக்க விறைக்க வேண்டுமானால் முட்களுக்கு நடுவே குறைந்தது 30 சென்டிமீட்டராவது வேண்டும். இரண்டு மீட்டரில் நின்று சுட்டால் கிடைப்பது 28 சென்டிமீட்டர் அளவில்தான். அதைவிடக் கிட்டே போனால் வலி மட்டும் மிஞ்சும், பிடி கிடைக்காது. தடித்த ஸ்வெட்டரில் ஒரு முள் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான்.

மனநலம் பாதித்தவர்கள் மீது மறுபடி மறுபடி சுடுவதன் தொடக்கம் இங்கேதான். வலி வந்ததும் கையைக் காலை உதறுவார். பார்ப்பவருக்கு அது 'எதிர்ப்பு' போலத் தெரியும். இன்னொரு ட்ரிகர். இங்கிலாந்தின் டெல்ஃபர்டில் 2016இல் இறந்த முன்னாள் கால்பந்து வீரர் டேலியன் அட்கின்சன், ஏற்கெனவே இதயமும் சிறுநீரகமும் பழுதானவர். மூன்றாவது முறை பட்ட டேசர் அவர் மேல் 33 நொடி ஓடியது. விரலை எடுக்காவிட்டால் 5 நொடியில் நிற்காது, அவ்வளவுதான் காரணம். அதற்கப்புறம் தலையில் உதையும் விழுந்தது.

'கத்தியைக் கீழே போடு' என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவது டிமென்ஷியா உள்ளவர் காதில் வெறும் இரைச்சல். ஒருவர் மட்டும் பேச வேண்டும். பேரைச் சொல்லி, நான்கைந்து வார்த்தையில், ஒரே விஷயத்தை. பதிலுக்குக் குறைந்தது பத்து நொடி பொறுக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடிக்கக் கூடாது. பிடுங்குவதைவிட மாற்றிக் கொடுப்பது நடக்கும்: ஒரு டம்ளர் டீயை நீட்டினால் கையில் இருப்பதைத் தானாகவே வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

சிட்னியில் எங்களுடன் இருக்கும் அம்மாவுக்கு 84 வயது, டிமென்ஷியா. சாயங்காலம் ஆனால் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதாகக் கத்துகிறார், கையில் கிடைத்ததைத் தூக்குகிறார். போலீஸை அழைக்கவே பயமாக இருக்கிறது.
*வாசகி, சிட்னி*

முதலில், இது திடீரென்று கூடியதா என்று பாருங்கள். இரண்டே நாளில் மோசமானால் அது டிமென்ஷியா முற்றியது ஆகாது. பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வறட்சி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை இவற்றில் ஒன்று. டாக்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். பொழுது சாயும்போது கூடுகிறது என்றால் இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போடுங்கள், ஜன்னல் கண்ணாடியில் தன் உருவமே தெரியாதபடி திரையை இழுத்துவிடுங்கள். 'யாரோ வந்திருக்கிறார்' என்பது பல சமயம் அந்தப் பிம்பம்தான். கத்தி, கத்தரிக்கோல், தேங்காய் துருவி, அரிவாள்மனை எல்லாம் பூட்டுக்குள். அரிவாள்மனையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

நடத்தை மாறுவது குறித்து ஆலோசனை கேட்க டிமென்ஷியா சப்போர்ட் ஆஸ்திரேலியா, 1800 699 799, இரவு பகல் எந்நேரமும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 131 450.

அவசர எண் 000ஐ அழைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ஆம்புலன்ஸ் என்று கேளுங்கள். முதல் வாக்கியத்திலேயே வயது, டிமென்ஷியா, நடமாட்டம் மூன்றும் வர வேண்டும்: '84 வயது, டிமென்ஷியா, வாக்கரில் நடப்பவர், பயந்து போயிருக்கிறார்.' கையில் ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள், உள்ளபடி சொல்லுங்கள்: 'காய் நறுக்கும் சின்னக் கத்தி, அறைக்குள் தனியாக இருக்கிறார், வேறு யாரும் அருகில் இல்லை.' பதற்றத்தில் 'கத்தியோடு மிரட்டுகிறார்' என்று மட்டும் சொன்னால், போலீஸ் ரேடியோவில் அதுவே ஆயுதச் சம்பவமாகப் போய்ச் சேரும். வருகிறவர்கள் அந்த மனநிலையில்தான் படியேறுவார்கள். நீங்கள் வாசலிலேயே நின்று அவர்களை நிறுத்தி, இதே விவரத்தை மறுபடி சொல்லுங்கள்.

டிமென்ஷியா கூடக் கூட, பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடும், தமிழ் தங்கும். எனவே ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டுங்கள். 'தமிழ் மட்டும் புரியும்; எந்தக் காது கேட்காது; கண்ணாடி இல்லாமல் தெரியாது; ரத்தம் இளக்கும் மாத்திரை உண்டா; பேஸ்மேக்கர் உண்டா; சமாதானமாவது எதைச் சொன்னால்' என்று ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தால் இதைப் பராமரிப்புத் திட்டத்திலேயே எழுதச் சொல்லி, இரவுப் பணியாளர்கள் யாரைக் கூப்பிடுவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். ராத்திரி மூன்று மணிக்கு மகளுக்கு முதலில் போன் வர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இங்கிலாந்து வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: வீட்டை விட்டுப் போய்விடும் பழக்கம் இருந்தால் 'ஹெர்பர்ட் ப்ரோட்டோகால்' என்ற போலீஸ் படிவத்தை இப்போதே நிரப்பி வையுங்கள்.

டேசர் பட்டவருக்கு முதலுதவி என்ன? முள்ளை நாமே பிடுங்கலாமா?
*வாசகர், ஹாரோ*

கண், கழுத்து, முகம், மார்பகம், பிறப்புறுப்பு இங்கெல்லாம் பட்டிருந்தால் தொடவே கூடாது. ஆஸ்பத்திரிதான். மற்ற இடங்களில் பயிற்சி பெற்ற போலீஸார் எடுப்பதுண்டு. முள் சுமார் 1 சென்டிமீட்டர் நீளம், நுனியில் தூண்டில் கொக்கி போன்ற வளைவு. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள்.

முள்ளை எல்லாரும் பார்ப்பார்கள், விழுந்ததை மறந்துவிடுவார்கள். தலை தரையில் பட்டதா என்று கேளுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் 'ஒன்றுமில்லை' என்று எழுந்து உட்கார்ந்தாலும் ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும். கசிவு மணிக்கணக்கில் மெதுவாகக் கூடும். இடுப்பு வலித்து நிற்க மறுத்தால் எக்ஸ்ரே. இதய நோய், பேஸ்மேக்கர், நெஞ்சில் பட்ட முள் என்றால் ஈசிஜி. பலமுறை சுடப்பட்டு, பின்னர் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம், தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று: பெட்ரோலோ ஸ்பிரிட்டோ உடம்பில் பட்டிருந்தால் டேசர் தீயைப் பற்றவைக்கும். 2021இல் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் காவல் நிலையத்தில், கை சானிடைசரைத் தலையிலும் உடம்பிலும் கொட்டிக்கொண்ட ஒருவர் இப்படித்தான் தீப்பிடித்து, பிறகு இறந்தார்.

புகார் கொடுத்தால் நம் வார்த்தை எடுபடுமா? அவர்கள் ஒரே ஒரு முறைதான் சுட்டோம் என்பார்களே.
*வாசகர், டொரொன்டோ*

இந்த ஒரு விஷயத்தில் கருவி பொய் சொல்லாது. ட்ரிகர் எப்போது அழுத்தப்பட்டது, எத்தனை நொடி ஓடியது என்று டேசரே பதிந்து வைக்கும். அந்தப் பதிவைத் தரவிறக்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பல மாடல்களில் கார்ட்ரிட்ஜ் வெடிக்கும்போது பொட்டு போன்ற குட்டிக் காகிதத் துண்டுகள் சிதறும். ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருக்கும். தரையில் கிடந்தால் படம் எடுங்கள், கூட்டிப் பெருக்கவிடாதீர்கள். முள் பட்ட இடங்களை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்: இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், எவ்வளவு அருகில் நின்று சுட்டார்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும். கட்டட சிசிடிவியை உடனே கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் சில வாரங்களில் மேலெழுதி அழிந்துவிடும். ஒன்டாரியோவில் பலத்த காயம் என்றால் விசாரிப்பது எஸ்ஐயு (சிறப்பு விசாரணைப் பிரிவு), இங்கிலாந்தில் ஐஓபிசி (போலீஸ் மீதான புகார்களுக்கான சுயேச்சை அமைப்பு).

அமெரிக்காவில் சாவுக்குக் காரணம் 'எக்சைட்டட் டெலீரியம்' என்று எழுதிவிடுகிறார்களாமே?
*வாசகர், சென்னை*

எழுதிக்கொண்டிருந்தார்கள். வெறிபிடித்தவர் தானாகவே செத்துவிட்டார் என்று பழியை இறந்தவர் தலையில் கட்டும் ஏற்பாடு அது. அமெரிக்க அவசர சிகிச்சை மருத்துவர்கள் சங்கம் 2009இல் வெளியிட்ட தன் சொந்த அறிக்கையையே 2023 அக்டோபரில் திரும்பப் பெற்றது. கலிஃபோர்னியா அதே ஆண்டு அதைச் சாவுக்காரணமாக எழுதுவதற்குத் தடைச்சட்டம் போட்டது.

கூமா போலீஸ்காரருக்குச் சிறை கிடைத்ததா?
*வாசகர், கோவை*

இல்லை. 2024 நவம்பரில் ஜூரி அவரைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றவாளி என்றது. 2025 மார்ச்சில் இரண்டு வருடக் கண்காணிப்பும் 425 மணி நேரச் சமூக சேவையும் விதிக்கப்பட்டன. அரசுத்தரப்பு மேல்முறையீடும் தள்ளுபடி. அட்கின்சன் வழக்கில் எட்டு வருடச் சிறை. கூமாவுக்குக் கிடைத்தது குறைவு என்பதே எங்கள் எண்ணம்.

எங்கள் அண்ணனுக்குத் தீவிர மனநோய். ஆன்லைனில் ஸ்டன் கன் விற்கிறார்கள். வீட்டில் வாங்கி வைக்கலாமா?
*வாசகி, சேலம்*

வேண்டாம். கையில் பிடித்து உடம்பில் அழுத்தும் வகை ஆளை நிறுத்தாது, வலியை மட்டும் கொடுக்கும். அவர் இன்னும் வெறியாவார், பறித்து உங்கள் மேலேயே வைப்பார். மருந்தை நிறுத்திவிட்டாரா என்று பாருங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழில் பேசலாம், கைமீறினால் 108. போலீஸ் வந்தால் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 100ஆவது பிரிவைச் சொல்லுங்கள். அதன்படி அவர்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் மனநோயாளியை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காக அழைத்துச் செல்ல வேண்டும். அண்ணனின் மருந்துச் சீட்டின் நகலை வாசல் அலமாரியில் வையுங்கள், அவர்களிடம் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான்.