ஒரே ஆர்டருக்கு இருமுறை பணம் பிடிக்கிறது: எஸ்க்யூஎஸ்

வணக்கம் நண்பரே. அமேசானின் செய்தி வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ் (SQS) வழியாக வரும் ஆர்டருக்கு ஏன் இருமுறை பணம் பிடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வரிசையிலிருந்து செய்தியை எடுத்து வேலை செய்யும் புரோகிராமான உங்கள் வொர்க்கர் ஒரு ஆர்டரை முடிக்க 45 வினாடி ஆகிறது என்கிறீர்கள், கோளாறு அங்கேதான். ஒரு வொர்க்கர் எடுத்த செய்தி மற்ற வொர்க்கர்களுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நேரம்தான் விசிபிலிட்டி டைம்அவுட்; மாற்றாவிட்டால் அது 30 வினாடி. அதற்குள் செய்தியை டெலீட் செய்யாததால் இன்னொரு வொர்க்கர் அதையே எடுத்துக்கொள்கிறது. முதலில் 5 நிமிடமாக்குங்கள்.

அதோடு விட்டுவிடாதீர்கள். எஸ்க்யூஎஸ்ஸின் வழக்கமான வரிசை வகையான ஸ்டாண்டர்ட் க்யூ எப்போதாவது ஒரே செய்தியை இருமுறை தரவே செய்யும். ஆர்டர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று டேட்டாபேஸில் செலக்ட் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுவது போதாது: இரண்டு வொர்க்கரும் ஒரே நொடியில் பார்த்தால் இரண்டுக்கும் 'இல்லை' என்றே வரும். ஆர்டர் எண்ணுக்கு டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இருமுறை பதிவாகாமல் தடுப்பது) வைத்து, பணம் பிடிக்கும் முன்பே இன்சர்ட் செய்யுங்கள். அதே எண்ணை பேமென்ட் கேட்வேக்கு ஐடெம்பொட்டன்சி கீயாகவும் (ஒரே கோரிக்கை மறுபடி வந்தாலும் ஒருமுறைதான் பணம் பிடிக்கச் செய்யும் அடையாளம்) அனுப்புங்கள். வொர்க்கர் பாதியில் நின்றுபோனால், 'முடிந்தது' என்று குறிக்காத ஆர்டரை கேட்வே அந்தக் கீயை நினைவில் வைத்திருக்கும் காலத்துக்குள் அதே கீயோடு மறுபடி அனுப்பலாம்.

5 முறை தோற்ற செய்தி டெட் லெட்டர் க்யூவுக்கு (தோற்ற செய்திகளை ஒதுக்கிவைக்கும் தனி வரிசை) போகட்டும். அதற்கு அலாரமும் வையுங்கள்.