பழைய மோட்டோகிராஸ் வண்டிகளை, அதாவது மேடுபள்ளமான மண் பாதையில் பந்தயம் ஓட்டும் பைக்குகளை, தேடிப் பிடித்து மீட்க ஆசை. எதில் தொடங்கலாம்?

ஹோடாகாவில் தொடங்குங்கள். மைக்கோ, ஹஸ்க்வர்னா மாதிரி பேர் பெற்ற வண்டிகளுக்குப் போட்டி அதிகம். ஹோடாகாவைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. அதுதான் நமக்கு வசதி.

அதன் கதையே ஒரு தினுசு. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே அதீனா என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த பபாட்கோ என்ற நிறுவனம் ஜப்பானிலிருந்து யமகுச்சி வண்டிகளை இறக்கி விற்றது. 1963-இல் யமகுச்சி திவால். அதற்கு எஞ்சின் செய்து கொடுத்த நகோயா கம்பெனிதான் ஹோடாகா. சரி, வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம், நீங்கள் செய்து கொடுங்கள் என்று பபாட்கோகாரர்கள் ஹோடாகாவிடம் பேசி முடித்தார்கள். 1964-இல் ஏஸ் 90 வந்தது. அப்புறம் வந்தவற்றின் பெயர்களைப் பாருங்கள்: சூப்பர் ராட், காம்பாட் வோம்பாட், டர்ட் ஸ்க்விர்ட், ரோட் டோட். எலி, தேரை என்றெல்லாம் பெயர் வைக்க இன்று எந்தக் கம்பெனி துணியும்? 1978-இல் கடையை மூடிவிட்டார்கள்.

நான் வைத்திருப்பது 125 சிசி காம்பாட் வோம்பாட். ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டு கிக்கர் அசையவே இல்லை. அதனாலேயே விலை இறங்கியது. இதற்குப் பயப்பட வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கு ஊற்றும் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ATF) அசிட்டோனும் கலந்து அந்த ஓட்டை வழியே ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். கிக்கரை ஓங்கி மிதித்தால் உள்ளே பல் உடையும்.

இளகிவிட்டதே என்று உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதுவும் யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல்தான் உயிர். பல வருடம் கிடந்த சீல் விறைத்துப் போயிருக்கும். மேக்னட் பக்க சீல் வழியே காற்று நுழைந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், எஞ்சின் சூடேறும், பிஸ்டன் மறுபடி பிடிக்கும். கிளட்ச் பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகக் கக்கும். இரண்டையும் மாற்றிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓடாத வண்டியை வாங்கலாம். பாகம் காணாமல் போன வண்டியை வாங்காதீர்கள். பிஸ்டனும் ரிங்கும் தேடினால் கிடைத்துவிடும். டேங்க், சைலன்சர், ஏர் ஃபில்டர் பெட்டி போன்றவை இல்லையென்றால் அவற்றுக்காகவே இன்னொரு வண்டி வாங்க வேண்டிவரும். நெளிந்த குரோம் டேங்க் பரவாயில்லை. உள்ளே துரு தின்று ஓட்டை விழுந்திருக்கிறதா என்று மட்டும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.