குழாயை வெட்டுமுன் கிரவுன் பல்லை எண்ணுங்கள்

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தாத்தா வாடகைக்கு ஓட்டிய 1974 அம்பாசடர் மார்க் 2 வீட்டில் நிற்கிறது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில் இருக்கும் வகை. எஞ்சினைப் பிரித்துப் புதிதாக்கியாயிற்று. அடுத்த வருடம் கோவை செட்டிப்பாளையம் டிராக்கில் பழைய கார்களோடு ஓட ஆசை. உள்ளூர் வெல்டிங் கடையில், 'சைலன்சரைக் கழற்றிவிட்டு இரண்டரை அங்குலக் குழாயை நேராக இழுத்துவிடு, பிக்கப் பிய்த்துக்கொண்டு போகும்' என்கிறார்களாம். செய்யலாமா? இசுசு ஐந்து கியர் பெட்டி போடலாமா? தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டில் விடிகாலையில் ஓட்டிப் பார்க்கலாமா? இவை மூன்றும் கேள்விகள்.

முதலில் ஒரு சந்தோஷம். 1988ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை நம் பக்கத்து வாடகைக் கார்கள் மண்டபத்தோடு நின்றுவிடும். அந்தக் காலத்து வண்டி ஒன்று இன்னும் ஓடுகிற நிலையில் இருப்பதே பெரிய விஷயம். அதனால்தான் வெட்டுமுன் யோசிக்கச் சொல்கிறேன்.

உங்கள் எஞ்சினை யாராவது 'டாக்ஸி எஞ்சின்தானே' என்று சொன்னால் நம்பாதீர்கள். பிரிட்டனில் 1955ல் வந்த எம்ஜி ஏ ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருந்ததும் இதே பி-சீரீஸ் குடும்பத்து 1489 சிசி எஞ்சின்தான். இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், நல்ல ஹெட் என்று சேர்த்து அதில் 72 குதிரைசக்தி வரை எடுத்தார்கள். ஆனால் இதற்கு ஒரு வரம்பு உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 88.9 மில்லிமீட்டர், கிராங்க்கைத் தாங்குவதோ மூன்றே மெயின் பேரிங். 5200 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டரைத் தாண்டிவிடும். சாதாரண கிராங்க், சாதாரண ராடு வைத்துக்கொண்டு அதற்கு மேல் விரட்டாதீர்கள். இது சுழற்சியில் சம்பாதிக்கும் எஞ்சின் இல்லை, நடு ஆர்பிஎம்மில் இழுக்கும் எஞ்சின்.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். கியரும் புகைக்குழாயும் தனித்தனி வேலை இல்லை. எந்த ஆர்பிஎம்மில் எஞ்சினை வேலை வாங்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த ஒரே எண்ணுக்குப் பின்பக்க ஆக்சிலும் பொருந்த வேண்டும், குழாயின் நீளமும் விட்டமும் பொருந்த வேண்டும். உங்கள் வண்டிக்கு 3500 முதல் 5000 வரை என்று வைத்துக்கொள்வோம்.

சரி, இப்போது ஆக்சிலில் என்ன பல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐம்பது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ தெரியாது, புத்தகத்தை நம்பாதீர்கள். மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ணட்டும். நாலரைக்குச் சற்று மேல் வந்தால் 9 பல் பினியனுக்கு (ஷாஃப்ட் முனையின் சின்னப் பல்சக்கரம்) 41 பல் கிரவுன் (ஆக்சிலுக்குள் அது சுற்றும் பெரிய பல்சக்கரம்), அதாவது 4.55. ஏறக்குறைய ஐந்து சுற்று என்றால் 8க்கு 39, அதாவது 4.875. பிறகு டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு போட்டு, ஆள் உட்கார்ந்த நிலையில் வண்டியை ஒரு சுற்று உருட்டி டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

அளவு 2 மீட்டர் என்று வந்தால் கணக்கைப் பாருங்கள். டாப் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது 4.55 ஆக்சிலில் எஞ்சின் சுமார் 3800 ஆர்பிஎம்மில்தான் சுற்றும். செட்டிப்பாளையம் இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வளைவு நிறைந்த டிராக். அங்கே அம்பாசடருக்குப் பெரிய வேகம் காட்ட இடமில்லை, வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுப்பு இருந்தால்தான் நேரம் குறையும். 4.875க்கு மாற்றினால் அதே வேகத்தில் 4060 ஆர்பிஎம், சக்கரத்தில் ஏழு சதவீதம் கூடுதல் இழுவிசை. அதே ஏழு சதவீதத்தை ஆக்சிலைத் திறக்காமலே எடுக்க ஒரு வழி உண்டு. சுற்றளவு 1.87 மீட்டர் வருகிற டயரைப் போட்டால் போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வருடம் டயரில்தான் ஆரம்பிப்பேன். கிரவுன், பினியனை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பல்லில் நீலச் சாயம் தடவி, பதிவு நடுவில் விழுகிறதா என்று பார்த்து ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) வைக்கத் தெரிந்த கை வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு ரேஸில் ஊளையிட ஆரம்பிக்கும்.

இசுசு பெட்டி வேண்டாம் என்பேன். அது 1990களில் வந்த 1.8 லிட்டர் எஞ்சினோடு பிறந்தது. உங்கள் எஞ்சினுக்கு நேராகப் பொருந்தாது. இடையில் தட்டு கடைய வேண்டும், ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் பண்ண வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஐந்தாவது கியரைச் சின்ன டிராக்கில் தொடவே மாட்டீர்கள். பழைய பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போது உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) கிடையாது, ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு முதல் கியர் தேவைப்படாது. ஸ்டியரிங்கிலிருந்து பெட்டிக்குப் போகும் கியர் கம்பியின் புஷ், பின் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள யூஜே கிராஸ் மூட்டு இரண்டையும் மாற்றுங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் வேகமாகக் கிளட்சை விட்டால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு துள்ளும். அதைத் தடுக்க ஆக்சிலிலிருந்து முன்னோக்கி ஒரு தாங்கு கம்பி போடலாம், அது டிராக் விதிக்குள் வருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்து மெலிதாக்கச் சொல்வார்கள். வார்ப்பிரும்பு அது, தவறாகக் கடைந்தால் சுழலும்போது வெடித்துக் காலைப் பதம் பார்க்கும். விட்டுவிடுங்கள்.

இப்போது புகைக்குழாய். பல வருடத்துக்கு முன் ஒரு அம்பாசடருக்கு நானே இரண்டரை அங்குலக் குழாயை நேராகப் போட்டிருக்கிறேன். சத்தத்தில் ஊரே திரும்பிப் பார்த்தது. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால், மூன்றாவது கியரில் 40லிருந்து 80 வரை போக முன்னைவிடக் கூடுதல் நேரம் எடுத்தது. ஏன் அப்படி ஆனது என்று புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

எக்சாஸ்ட் வால்வு திறக்கும்போது புகை ஒரு கட்டியாக, அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. அது கிளப்பும் அழுத்த அலை குழாயின் முனைக்குப் போனதும், அங்கிருந்து உறிஞ்சும் அலை ஒன்று எஞ்சினை நோக்கித் திரும்பி வரும். வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துப் போட்டுப் புதுக் காற்றுக்கு இடம் பண்ணும். எந்த ஆர்பிஎம்மில் அந்த நேரம் பொருந்துகிறது என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. விட்டம் அளவுக்கு மீறினால் புகையின் ஓட்டம் சோம்பிப்போய் இந்த இழுப்பே வராது. எனக்கு நடந்தது அதுதான்.

உங்கள் ஹெட்டில் இன்னொரு விசேஷம். சிலிண்டர் நாலு, ஆனால் புகை வெளியேறும் வாய் மூன்றே. நடுவில் இருக்கும் 2ம் 3ம் ஒரே வாயைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. அதனால் நாலு கிளை ஹெடர் (ஹெட்டிலிருந்து புகையை வாங்கி ஒன்றாக்கும் குழாய்த் தொகுதி) என்று யாராவது விற்றால் அது இந்த எஞ்சினுக்கு இல்லை. வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதால் 2க்கும் 3க்கும் நடுவில் ஒரு முழுச் சுற்று இடைவெளி இருக்கிறது, ஒன்றோடொன்று மோதாது. 1க்கும் 4க்கும் அப்படியே. ஆகவே 1, 4 இரண்டையும் முதலில் சேர்த்து, நடுக் கிளையை நீளமாகத் தனியே கொண்டுவந்து, கீழே இரண்டையும் ஒன்றாக்குவதுதான் சரியான அமைப்பு.

4800 ஆர்பிஎம்மைக் குறிவைத்துக் கணக்குப் போட்டால் வால்விலிருந்து கடைசிச் சந்திப்பு வரை சுமார் 36 அங்குலம், கிளைகளின் உள்விட்டம் 33 மில்லிமீட்டர், பின்னால் போகும் ஒற்றைக் குழாய் 44 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேமுக்கால் அங்குலம். வெல்டிங் கடைக்காரர் சொன்ன இரண்டரை அங்குலத்தின் பரப்பு இதைப்போல இரண்டு மடங்கு. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து சாதாரண கேம்ஷாஃப்டில் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) இன்டேக், எக்சாஸ்ட் இரண்டு வால்வும் ஒரே நேரம் திறந்திருப்பது 15 டிகிரி அளவுதான். அதனால் ஹெடரால் மட்டும் பெரிய மாற்றம் வராது. கேம் மாற்றும்போதுதான் அது முழுப் பலனைத் தரும். சைலன்சரை எடுக்கவும் வேண்டாம். கண்ணாடி நார் சுற்றிய, நேராக ஊடுருவும் சைலன்சர் ஒன்றைப் போட்டால் ஓட்டமும் கெடாது, காதும் பிழைக்கும்.

நம் கடற்கரைக்கு உள்ள கூடுதல் பிரச்சினை உப்பு. ஹெடருக்கு நார்ப்பட்டை சுற்றுவது வெளியூரில் வழக்கம். இங்கே அந்தப் பட்டை உப்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டு சாதா இரும்புக் குழாயை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். பட்டை வேண்டாம். 304 எவர்சில்வர் குழாயில் செய்யுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் படகு வேலை செய்கிறவர்களில் எவர்சில்வரை ஆர்கான் வைத்து ஒட்டத் தெரிந்தவரைப் பிடியுங்கள். குழாய்க்குள்ளும் ஆர்கான் விட்டு ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் உள்பக்க ஒட்டு கருகித் துளைவிடும். சூட்டில் எவர்சில்வர் இரும்பைவிடக் கூடுதலாக நீளும். அதனால் சந்திப்புகளை இறுக்கி ஒட்டாமல், ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற ஸ்லிப் ஜாயிண்டாக வைத்து ஸ்பிரிங் மாட்டுங்கள். சைலன்சரின் தாழ்வான இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் உள்ளே தேங்கும் தண்ணீர் வடிந்துவிடும். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கம், மேலும் கீழுமாக. நம் வெயிலில் பெட்ரோல் கொதித்து நின்றுவிடும். நடுவில் ஒரு அலுமினியத் தகடு கட்டாயம்.

பிரேக்கைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நானாகச் சொல்கிறேன். நாலும் டிரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கடலோரத்தில் இன்னும் வேகமாக. சூடானால் அந்த நீர் ஆவியாகி பெடல் தரையைத் தொடும். டிராக்குக்குப் போகும் வாரம் முழு ஆயிலையும் மாற்றுங்கள். இந்த ஒரு வேலையை முடிக்காமல் மற்ற எதையும் தொடாதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு கிடைக்கும், ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அதனால் கழற்றும் பாகம் ஒவ்வொன்றையும், ஹெட்டோடு வந்த பழைய புகை மேனிஃபோல்டு உட்பட, எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள். திருப்பி மாட்டுகிற மாதிரியான மாற்றங்களை மட்டும் செய்யுங்கள்.

அரிச்சல்முனை ரோடு கூடவே கூடாது. இரண்டு பக்கமும் மணல், ரோட்டில் வந்து படியும் மணலில் டயர் பிடிக்காது, விடிகாலையிலேயே சூரிய உதயம் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பொது ரோட்டில் ரேஸ் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவில் சிறைவரை போகும் குற்றம். வண்டியை லாரியில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டுபோங்கள், பயிற்சிக்கு விடும் நாளைக் கேட்டு வாங்குங்கள்.

புதுக் குழாய் போட்டால் கார்புரேட்டர் ஜெட்டும் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) மாற வேண்டும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய ஜெட்டுக்குக் கலவை ஏற்கெனவே மெலிவுதான். முதல் நாள் மூன்று சுற்று மட்டும் ஓட்டி, எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டுவந்து ப்ளக் நாலையும் கழற்றுங்கள். வெளிர் பழுப்பு என்றால் தொடரலாம், வெள்ளையாக இருந்தால் அப்படியே நிறுத்திவிடுங்கள். நிறத்தையும் ஜெட் எண்ணையும் குறித்து எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்த அளவைச் சொல்கிறேன்.