வீட்டின் விலையும் வீட்டாரின் நிலையும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நானும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து, கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்கு முதலாண்டுக் கட்டணம் செலுத்துவதற்கான சிறு நிதி ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறோம். கையில் இருக்கும் பணம் குறைவு, வரும் விண்ணப்பங்கள் மிக அதிகம். உண்மையிலேயே இல்லாதவர்களைக் கண்டறிவதற்காக, குடும்பத்துக்குச் சொந்த வீடு உண்டா, உண்டெனில் அதன் இன்றைய சந்தை மதிப்பு என்ன என்று விண்ணப்பத்தில் கேட்கிறோம். இவ்வாண்டு ஒரு மாணவியின் விண்ணப்பத்தை அந்த ஒரு வரியை வைத்தே விலக்கினோம். அவளுக்குத் தந்தை இல்லை. தாய் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கிறார். ஆனால் அவர்கள் குடியிருக்கும் வீடு எங்கள் ஐவரில் எவருடைய வீட்டைவிடவும் விலை கூடியது. இவ்வளவு சொத்தை வைத்துக்கொண்டு உதவி கேட்பது முறையா, அதை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்கலாமே என்பது என் வாதம். எங்களுள் ஒருவர் மட்டும் நாங்கள் செய்தது பெரும் பிழை என்கிறார். சம்பளத்தைக் குறைத்துச் சொல்லலாம், சேமிப்பை மறைக்கலாம். வீட்டை மறைக்க முடியாதே? அதைவிட நம்பகமான அளவுகோல் வேறு உண்டா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டை மறைக்க முடியாது என்று நீங்கள் எழுதியிருக்கும் காரணத்தைத்தான் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அரசுகளும் சொல்லின. இங்கிலாந்தில் 1662ஆம் ஆண்டு வீட்டிலுள்ள அடுப்புகளை எண்ணி வரி விதித்தார்கள். அடுப்பை எண்ணுவதற்கு அதிகாரி வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்ததால் மக்கள் அதை வெறுத்தார்கள். 1689இல் அந்த வரி நீக்கப்பட்டது. பிறகு 1696இல் சன்னல் வரி வந்தது. தெருவில் நின்றபடியே எண்ணிவிடலாம், வருமானம் என்ன என்று எவரையும் கேட்க வேண்டியதில்லை, சன்னல் நிறைய வைத்திருப்பவன் வசதியானவனாகத்தான் இருப்பான் என்பது கணக்கு. அந்த வரி 1851 வரை நீடித்தது. வரிக்கு அஞ்சி மக்கள் செங்கல் வைத்து அடைத்த சன்னல்களை அந்நாட்டின் பழைய கட்டடங்களில் இன்றும் காணலாம்.

பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டிலேயே இதிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டினார். சிற்றூரில் மிகக் குறைந்த வாடகைக்குரிய ஒரு வீட்டில், லண்டனில் பெரும் வாடகைக்குரிய ஒரு மாளிகையைவிட அதிகச் சன்னல்கள் இருக்கக்கூடும் என்றும், அப்போது இல்லாதவன் இருப்பவனைவிட அதிகமாக வரி கட்ட நேரும் என்றும் அவர் எழுதினார். எண்ணுவதற்கு எளிது என்பதற்காக ஒன்றை எடுத்துக்கொண்டு, அது சொல்லாத செய்தியை அதன் மேல் ஏற்றிவிட்டார்கள். உங்கள் விண்ணப்பத்திலுள்ள சந்தை மதிப்பு என்ற அந்த ஒரு வரியும் ஒரு சன்னல்தான் என்று நான் கருதுகிறேன்.

அந்த மதிப்பு எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். அருகில் அண்மையில் விற்ற சில வீடுகளுக்கு வாங்கியவர்கள் என்ன கொடுத்தார்களோ, அதை அளவாகக் கொண்டு விற்பனைக்கே வராத மற்ற வீடுகளுக்கும் ஒரு தொகையைச் சொல்கிறோம். அந்தத் தொகையின் பெரும்பகுதி பெரும்பாலும் மண்ணுக்கு உரியது. சுவருக்கும் கூரைக்கும் உரியது அன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊர்க்கோடியில் மலிவாக வாங்கிய மனையைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டால், அந்த வீட்டில் இருப்பவர் விரலைக்கூட அசைக்காமல் காகிதத்தில் செல்வந்தராகிவிடுவார். அவருடைய சம்பளமோ ஓய்வூதியமோ ஒரு காசும் உயர்ந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல விலைக்கு விற்றார் என்பதற்காக இவருடைய பையில் எதுவும் விழுவதில்லை. வீட்டு வரியை மதிப்பையொட்டி நிர்ணயிக்கும் இடமாக இருந்தால் செலவு மட்டும் ஏறும்.

இதனால் உண்டான துன்பம் ஒரு மாநிலத்தின் சட்டத்தையே மாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1970களில் வீடுகளின் விலை வேகமாக ஏறியபோது மதிப்பீடும் அதோடு ஏறியது. நிலையான சிறு வருமானத்தில் வாழ்ந்த முதியவர்கள், தாங்கள் எப்போதோ வாங்கிய வீட்டுக்கு வரி கட்ட முடியாமல் தவித்தார்கள். 1978இல் நடந்த வாக்கெடுப்பில், சொத்து வரி மதிப்பீட்டில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், வீடு கைமாறும்வரை அந்த மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றும் மக்கள் முடிவு செய்தார்கள். அந்தச் சட்டம் முழுவதும் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. ஒரே மாதிரியான இரு வீடுகளில், நேற்று வாங்கியவர் பல மடங்கு வரி கட்ட, நெடுங்காலமாக இருப்பவர் சொற்பம் கட்டும் நிலையை அது உண்டாக்கிவிட்டது. ஆயினும் அதற்குப் பின்னிருந்த வேதனை பொய்யன்று. விலை ஏறிய வீட்டில் பணமில்லாமல் வாழ்வது நடக்கக்கூடியது; அது பல்லாயிரம் பேருக்கு நடந்திருக்கிறது.

அடுத்தது கடன். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வீடு தெரியும், அதன் மேலுள்ள கடன் தெரியாது. ஒரு வீட்டின் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 20 பங்கைக் கையிலிருந்து போட்டு, 80 பங்கைக் கடனாக வாங்கி அதை வாங்குகிறார். உங்கள் விண்ணப்பத்தில் அவர் 100 என்று எழுதுவார். ஆனால் அவருக்கு அதில் உண்மையாக உரியது 20தான். விலை 10 பங்கு இறங்கினால் அந்த இருபதில் பாதி போய்விடும். 20க்கு மேல் இறங்கினால், வீட்டை விற்ற பிறகும் அவர் கடனாளியாகவே நிற்பார். பிரிட்டனில் 1990களின் தொடக்கத்தில் இந்நிலை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வந்தது. அமெரிக்காவில் 2006க்குப் பின் விலைகள் சரிந்தபோது, 2009ஆம் ஆண்டின் முடிவில், கடனுள்ள வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, வீட்டின் விலையைவிடக் கடன் பாக்கி அதிகமாக இருந்தது. ஜப்பானில் 1991ஐ ஒட்டி உச்சத்துக்குப் போன நில விலை அதன் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. உச்ச விலையில் வாங்கியவர்களின் கடன் மட்டும் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. இந்தக் குடும்பங்கள் எல்லாம் அப்போதும் அதே வாசலில்தான் நின்றிருப்பார்கள், அதே தோட்டத்துக்குத்தான் நீர் ஊற்றியிருப்பார்கள்.

நானும் இந்தப் பிழையைச் செய்தவன். என்னோடு நெடுநாள் பழகிய ஒருவர் பெரிய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினார். ஒருமுறை அவர் தயங்கித் தயங்கிக் கைமாற்றாகச் சிறு தொகை கேட்டபோது, இத்தனை பெரிய வீட்டில் இருப்பவருக்கு இது எதற்கு என்று மனத்துக்குள் கசந்து, என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சம்பளத்தில் முக்கால் பங்கு மாதத் தவணைக்கே போய்விடுகிறது என்பதும், அந்த மாதம் மனைவியின் சிகிச்சைக்குப் பணமின்றி அவர் திண்டாடினார் என்பதும் பல மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் என்னிடம் பிறகு எதுவும் கேட்டதில்லை. அந்த வீட்டைப் பார்த்தேனே தவிர, கேட்டவரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். விற்கலாமே என்கிறீர்கள். முதலில், விற்கும் உரிமை அந்தத் தாய்க்கு இருக்கிறதா என்று கேட்டீர்களா? கணவர் இறந்த வீட்டில் கணவரின் தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ பங்கு இருக்கலாம். பாகம் பிரிக்காத வீடாக இருந்தால் மற்றவர்களின் கையெழுத்தில்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், தேவைப்படுவது ஓர் ஆண்டுக் கட்டணம். விற்க வேண்டியது முழு வீடு. சேமிப்பிலிருந்து வேண்டிய அளவு எடுப்பதுபோல் வீட்டிலிருந்து ஓர் அறையை மட்டும் விற்று எடுக்க முடியாது. விற்ற மறுநாள் அவர்கள் எங்கேயாவது குடியிருந்தாக வேண்டும். அதே பகுதியில் என்றால் விலையை உயர்த்திய அதே காரணம் வாடகையையும் உயர்த்தியிருக்கும். தொலைவில் என்றால் தாயின் வேலை போகக்கூடும். தரகு, வரி, பழைய பாக்கி எல்லாம் போக மிஞ்சுவதும் அவசரத்தில் விற்கும்போது இன்னும் குறையும்.

வீட்டின் மேல் கடன் வாங்கலாமே என்று உங்கள் நண்பர்களில் யாரேனும் சொல்லக்கூடும். கடன் கொடுப்பவர் வீட்டை ஈடாகக் கேட்பார், ஆனால் தவணையைக் கட்டுவதற்கு மாத வருமானம் இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்ப்பார். குறைந்த சம்பளக்காரருக்கு வீடு இருந்தும் கடன் கிடைக்காமல் போவது இதனால்தான். தவணையே கட்டாமல் வீட்டின் மதிப்பைப் பணமாகப் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் முறை முதியவர்களுக்காக வகுக்கப்பட்டது. அமெரிக்காவில் அரசுக் காப்புறுதியுடன் வழங்கப்படும் திட்டத்துக்கு 62 வயது நிறைந்திருக்க வேண்டும். கல்லூரி வாசலில் நிற்கும் பெண்ணின் தாய்க்குப் பெரும்பாலும் அந்த வயது ஆகியிருக்காது.

இவ்வளவு சொன்னதால், வீட்டைக் கணக்கில் எடுக்கவே கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஒரே சம்பளம் வாங்கும் இரு தாய்களில் ஒருவர் சொந்த வீட்டிலும் மற்றவர் வாடகை வீட்டிலும் இருந்தால் இருவரும் சமநிலையில் இல்லை. சொந்த வீட்டில் இருப்பவருக்கு மாதந்தோறும் வாடகை மிச்சம். அந்த மிச்சமும் ஒரு வருமானமே. குடியிருக்கும் வீடு குடியிருப்பவருக்கு வருவாய் எதையும் தருவதில்லை என்று ஆடம் ஸ்மித் கருதினார். பின்வந்த பொருளியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும்போது, சொந்த வீட்டுக்காரர் தமக்குத் தாமே வாடகை கொடுப்பதாகக் கருதி ஒரு தொகையை இன்று சேர்க்கிறார்கள். பிரிட்டனில் 1963 வரை அந்தக் கற்பனை வாடகைக்கு வருமான வரியே இருந்தது. இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது, கணக்கில் சேர்வது மாத வாடகையே அன்றி வீட்டின் மொத்த விலை அன்று என்பதைத்தான். ஒரு குடும்பத்துக்கு மாதம் சிறு தொகை மிச்சமாகிறது என்பதற்கும் அதன் கையில் பெருஞ்செல்வம் இருக்கிறது என்பதற்கும் உள்ள தூரத்தை உங்கள் விண்ணப்பம் அழித்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் முதியோர் ஓய்வூதியத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். விண்ணப்பிப்பவர் குடியிருக்கும் வீட்டைச் சொத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மற்றச் சொத்துகளுக்கான வரம்பை, சொந்த வீடு உள்ளவர்களுக்குக் குறைவாகவும் இல்லாதவர்களுக்கு அதிகமாகவும் வைத்திருக்கிறார்கள். இதனால் மிக விலையுயர்ந்த வீட்டில் இருப்பவரும் ஓய்வூதியம் பெற்றுவிடுகிறார் என்ற குறை சொல்லப்படுகிறது. அது நியாயமான குறைதான். எனினும் இருப்பவருக்குச் சிறிது போய்விடும் பிழையா, இல்லாதவரைக் கைவிடும் பிழையா என்று ஒன்றைத் தேர வேண்டியிருந்தால், கல்வி நிதி ஒன்று முதற்பிழையின் பக்கமே நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குடியிருக்கும் வீட்டைத் தவிர இரண்டாவது வீடோ காலி மனையோ இருந்தால் அது வேறு கதை. அதை விற்பதாலோ வாடகைக்கு விடுவதாலோ யாரும் தெருவுக்கு வர மாட்டார்கள். அதைத் தயங்காமல் கணக்கில் சேருங்கள்.

உங்கள் கேள்வி எதிர்ப்பக்கத்திலும் ஏமாறும். நல்ல சம்பளத்தில், வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வைப்பு நிதியிலும் பங்குகளிலும் பணம் சேர்த்திருப்பவரின் விண்ணப்பத்தில் வீட்டின் மதிப்பு சுழியம் என்றுதான் இருக்கும். அவருடைய பிள்ளைக்கு நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கலாம்.

எனவே சந்தை மதிப்பு என்ற வரியை எடுத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். வீடு யார் பெயரில் இருக்கிறது, எப்போது எப்படி வந்தது, அதன் மேல் பாக்கி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, அதில் ஏதேனும் பகுதி வாடகைக்கு விடப்பட்டிருக்கிறதா, வேறு சொத்து உண்டா என்று கேளுங்கள். எல்லாச் செலவும் போக மாதக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் கேளுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பத்திரமும் கடன் கணக்கு அறிக்கையும் இருக்கும் என்பதால், மறைத்துவிடுவார்களோ என்ற உங்கள் கவலைக்கும் விடை கிடைக்கும். ஐவர் இருக்கிறீர்கள், ஐயம் எழும் விண்ணப்பங்களுக்காவது ஒருவர் நேரில் சென்று அரைமணி நேரம் பேசிவிட்டு வரலாம்.

அந்த மாணவியின் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. இருந்தால், உங்களோடு உடன்படாத அந்த நண்பரையே அவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். விண்ணப்பத்தை மீண்டும் பார்க்கிறோம் என்று அந்தத் தாயிடம் அவர் சொல்லட்டும். இவ்வாண்டுக்கான பணம் முழுவதையும் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டீர்கள் என்றால் எனக்கு உடனே எழுதுங்கள். கட்டணத்தில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதிக்கு இன்னும் இருவரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்.