குறிப்பைத் திருப்பி வாங்குங்கள்

வணக்கம் ஐயா,
மகனுக்கு 28 வயது. பொருத்தம் பார்க்கத் தொடங்கியதும், தனக்குப் பெண்களில் விருப்பமில்லை, ஒரு பையனைத்தான் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டான். இவன் பெண்ணாக மாறப்போகிறானா? டொக்டரிடம் காட்டினால் சரிவருமா? கலியாணம் முடித்துவைத்தால் எல்லாம் மாறும் என்கிறார் என் தமையன்.
— ஓர் அம்மா, யாழ்ப்பாணம்

அன்புள்ள அம்மா,

பெண்ணாக மாறப்போவதாக உங்கள் மகன் சொல்லவில்லையே. யாரில் விருப்பம் வருகிறது என்பது ஒன்று. தான் ஆணா பெண்ணா என்று உள்ளுக்குள் உணர்வது வேறொன்று. ஆணை விரும்பும் ஆணும் ஆண்தான். பெண் என்று பதியப்பட்டு, தன்னை ஆணாக உணரும் திருநம்பிக்குப் பெண்ணிலும் விருப்பம் வரலாம், ஆணிலும் வரலாம். அப்படியானவர்கள் மனநல வைத்தியர் தரும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்த 2016 முதல் இலங்கையில் வழியிருக்கிறது. உங்கள் மகனின் கதை அதுவல்ல.

ஒருபால் விருப்பத்தை உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றித்தருகிறேன் என்று டொக்டர் சொன்னாலும் சரி, நூல் கட்டுபவர் சொன்னாலும் சரி, பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். காசு போவது ஒருபுறம். அவன் தன்னையே வெறுக்கப் பழகிவிடுவான்.

உங்கள் தமையன் சொல்வதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. ஒரு தாய் சீதன வீட்டில் பால் காய்ச்சி மகளைக் குடிவைப்பார். தன்னைத் தொடாத புருஷனோடு இருக்கும் அந்தப் பிள்ளை, தன்னில் என்ன குறை என்று கண்ணாடியில் தேடும். ஒரு வருஷம் போனதும் கோயில் வீதியில் சனம் அவளைத்தான் மறித்து, "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்கும். உங்கள் மகனைக் காப்பாற்ற இன்னொருத்தியின் மகளைக் கொடுக்க முடியாதம்மா. அவனும் காப்பாற்றப்படமாட்டான்.

அவனுக்குப் பயம் இருக்கும், நியாயமான பயம். ஒருபால் உறவைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டவை. 1995 இல் நாங்களே 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தோம். அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 இல் சொல்லியும், பிரிவுகள் இன்னும் நீங்கவில்லை. இவ்வளவு இருந்தும் உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறான்.

முதலில் கலியாணப் புறோக்கரிடமிருந்து சாதகக் குறிப்பைத் திருப்பி வாங்குங்கள். யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக்கூடாது என்று அவனிடமே கேளுங்கள். தமையனுக்கு அவனைக் கேட்காமல் சொல்லியிருந்தால், அதையும் மறைக்காமல் அவனிடம் சொல்லிவிடுங்கள். மாமன் வாயால் அவன் அதைக் கேட்கக்கூடாது.